கேம் லேக் அடித்தால் எந்த முனையைப் பிடிப்பது? தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு

இரவு ஒன்பது மணிக்குக் காவேரிப்பட்டணத்திலோ பாலக்கோட்டிலோ மேட்ச் நடுவில் லேக் அடித்தால், கை உடனே போவது ஸ்பீடு டெஸ்டுக்கு. 100 எம்பிபிஎஸ் பிளானில் 95 காட்டும். நெட் நன்றாகத்தான் இருக்கிறது, கேம் சர்வர்தான் சரியில்லை என்று பேச்சு முடிந்துவிடும். இல்லாவிட்டால் 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுவார்கள். காசு கூடும், லேக் அப்படியே இருக்கும்.

ஆன்லைன் கேம் ஓடும்போது செலவாகிற டேட்டா பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். அந்தக் கொஞ்சம் டேட்டா சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக, தவறாமல், ஒரே சீராகப் போய்த் திரும்ப வேண்டும். அதனால் பார்க்க வேண்டிய எண்கள் வேறு. பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம் பிங். அந்த நேரம் ஏறி இறங்கும் அளவு ஜிட்டர். வழியில் தொலைந்துபோகும் பங்கு பாக்கெட் லாஸ். நிலையாக 60 மில்லிசெகண்ட் நிற்கிற லைனில் சுகமாக விளையாடலாம். 25க்கும் 140க்கும் இடையே துள்ளுகிற லைனில் முடியாது. லாஸ் 1 சதவீதம் வந்தாலே சுட்ட குண்டு பதிவாகாமல் போவதும், நடந்த இடத்திலிருந்து பின்னால் இழுக்கப்படுவதும் தெரிய ஆரம்பிக்கும்.

எவ்வளவு பிங் நியாயம் என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அதாவது 100 கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்வர 1 மில்லிசெகண்ட். கிருஷ்ணகிரியிலிருந்து மும்பை நேர்கோட்டில் 900 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அப்படியென்றால் குறைந்தபட்சமே 9 மில்லிசெகண்ட் ஆகும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் பல ரௌட்டர்கள் வேறு. எனவே மும்பை சர்வரில் ஓடும் வேலரன்ட் என்ற சுடும் கேமில் 25 முதல் 40 வரை காட்டினால் அது நல்ல லைன். அதை 10 ஆக்கித் தருவதாகச் சொல்லும் எந்த ஆப்பையும் நம்ப வேண்டாம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர், கடலடிக் கேபிள் நேராகப் போகிறது. நம் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் பிங் சில லைன்களில் மும்பை பிங்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுவது அதனால்தான். கவுன்டர் ஸ்ட்ரைக் 2-க்குச் சென்னையிலும் சர்வர் உண்டு. செட்டிங்கில் அதிகபட்ச மேட்ச்மேக்கிங் பிங்கை 80க்குள் வைத்தால் தூரத்துச் சர்வரில் கொண்டுபோய்ப் போடாது.

மூன்று ஜன்னல் திறந்து வையுங்கள்

நெட்டைக் குறை சொல்லும் முன் ஒரு விஷயத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும். படமே திக்கித் திக்கி ஓடுகிறதா, படம் சீராக ஓடி ஆட்கள் மட்டும் தாவுகிறார்களா? படம் திக்கினால் அது எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்ற பிரச்சினை. சித்திரை வெயிலில் சார்ஜ் போட்டபடி பிஜிஎம்ஐ ஆடும் போன் சூடாகித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது ரௌட்டரை நோண்டிப் பயனில்லை. வேலரன்டில் செட்டிங்கில் ஸ்டாட்ஸ் பகுதிக்குப் போய் எஃப்பிஎஸ், நெட்வொர்க் ஆர்டிடி (பிங்கின் இன்னொரு பெயர்), பாக்கெட் லாஸ் மூன்றையும் கிராஃபாகத் திரையில் போட்டுக்கொள்ளலாம். எது துள்ளுகிறதோ அதில்தான் கோளாறு.

நெட்தான் என்று தெரிந்தால் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். டிஃபால்ட் கேட்வே என்ற இடத்தில் உங்கள் ரௌட்டரின் எண் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இப்போது மூன்று ஜன்னல். ஒன்றில் பிங் போட்டு ரௌட்டரின் எண். இரண்டாவதில் நெட் கொடுக்கும் ஆபரேட்டரின் முதல் ரௌட்டர், அதாவது டிரேசர்ட் 8.8.8.8 அடித்தால் இரண்டாவது அல்லது மூன்றாவது வரியில் வருகிற எண். மூன்றாவதில் 8.8.8.8, அது கூகுளின் சர்வர். ஒவ்வொன்றின் கடைசியிலும் இடைவெளி விட்டு ஒரு கழிக்குறியும் டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். போனில் செய்வதானால் பிங்டூல்ஸ் போன்ற ஆப் போதும்.

இதை ஓடவிட்டுக் கேம் ஆடுங்கள். லேக் அடித்த நொடியில் மூன்றையும் பாருங்கள். முதல் ஜன்னலே துள்ளினால் கோளாறு வீட்டுக்குள். முதலாவது சுத்தமாக இருந்து இரண்டாவது துள்ளினால் வீட்டு வாசலுக்கும் ஆபரேட்டர் அறைக்கும் நடுவில். மூன்றாவது மட்டும் துள்ளினால் அதற்கும் அப்பால். மூன்றும் சுத்தமாக இருந்து கேம் மட்டும் லேக் அடித்தால்தான் கேம் சர்வரையோ அதற்குப் போகும் வழியையோ சந்தேகப்படலாம். எந்தச் செட்டிங்கையும் மாற்றும் முன் இதைச் செய்துவிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பத்துச் செட்டிங்கை மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

டிரேசர்ட் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. நடுவில் ஒரு வரியில் நட்சத்திரக் குறி வந்தாலோ 200 காட்டினாலோ அங்கே கோளாறு என்று அர்த்தமில்லை. பெரிய ரௌட்டர்கள் நம் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். அந்த வரியில் தொடங்கிய லாஸ் கடைசி வரிவரை தொடர்ந்தால் மட்டுமே அது நிஜமான லாஸ்.

வீட்டுக்குள்

லேன் வயரில் இருந்தால் ரௌட்டருக்கான பிங் 1 மில்லிசெகண்டுக்குள் நிற்க வேண்டும். நல்ல வைஃபையில் 2 முதல் 5. அடிக்கடி 50, 100 என்று எகிறினால் வைஃபைதான் காரணம். கருங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள வீட்டில் கீழ்த்தள ரௌட்டரிலிருந்து மாடி அறைக்குச் சிக்னல் போனாலும் பாதி பாக்கெட்டை இரண்டு மூன்று முறை திருப்பி அனுப்பியே சேர்க்கும். ஸ்பீடு டெஸ்டில் அது தெரியாது, கேமில் தெரியும்.

முடிந்தால் வயர் இழுத்துவிடுங்கள். இதற்கு ஈடு வேறில்லை. கேட் 5இ அல்லது கேட் 6, சுத்தச் செம்பு. மலிவாகக் கிடைக்கும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் கனெக்டரோடு அழுத்திப் பிடித்த இடத்தில் ஒடிந்துவிடும். 100 மீட்டர் வரை ஒரே இழுப்பில் போகலாம். இரண்டு முனையிலும் வரிசை ஒன்றுதான்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். எட்டில் ஒரு இழை சரியாக உட்காராவிட்டாலும் 1 ஜிபிபிஎஸ் வரவேண்டிய இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸாக இறங்கி நிற்கக்கூடும். லைட் எரிவதால் யாரும் கவனிப்பதில்லை.

வீட்டிலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்கோ தோட்டத்து வீட்டுக்கோ மட்டும் செம்பு வயரை வெளியே இழுக்காதீர்கள். மாங்காய் சீசனில் வரும் கோடை இடி போதும், இரண்டு முனையிலும் போர்ட் கருகிவிடும். அந்த இடத்துக்கு ஃபைபரும், அதை இரண்டு முனையிலும் லேன் வயராக மாற்றும் மீடியா கன்வர்ட்டர் இரண்டும்தான் சரி.

வயர் முடியாது என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குத் தனிப் பெயர் வைத்து அதில் மட்டும் கேம் சாதனத்தைச் சேருங்கள். சேனல் 36 முதல் 48க்குள் இருக்கட்டும். 52 முதல் 144 வரை உள்ளவை ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ரேடார் போல ஏதாவது பட்டால் ரௌட்டர் சேனலை விட்டு ஓடும், மேட்ச் நடுவில் கனெக்ஷன் அறுந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் கிடைக்கிறது என்றால் 1, 6, 11 மூன்றில் காலியான ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். புளூடூத் இயர்போனும் இதே அலையில்தான் ஓடுகிறது என்பதால் ஒருமுறை அதைக் கழற்றியும் பாருங்கள். சாதாரண வைஃபை ரிப்பீட்டரைக் கேமுக்காக வாங்க வேண்டாம். கேட்டதையே திருப்பிச் சொல்வதால் தாமதம் கூடத்தான் செய்யும்.

போட்டோ பேக்கப் ஓடும்போது

முதல் ஜன்னல் சுத்தம், மற்ற இரண்டும் 30லிருந்து 300க்கு எகிறுகிறது, ஐந்து நிமிடத்தில் தானாகச் சரியாகிறது. இந்த அடையாளம் இருந்தால் வீட்டில் யாரோ எதையோ அப்லோடு செய்கிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போய் வந்த போன் வைஃபைக்குள் நுழைந்ததும் நூற்றுக்கணக்கான போட்டோவைக் கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பிக்கும். அனுப்ப வேண்டியதெல்லாம் ரௌட்டரின் நினைவகத்தில் வரிசை கட்டி நிற்கும். தொப்பூர் கணவாயில் லாரி வரிசை நின்றால் பின்னால் வரும் பைக்கும் நிற்பது மாதிரி, கேமின் சின்னப் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும். லைன் பழுதாகவில்லை, வரிசைதான் நீளம். பஃபர்புளோட் என்று இதைச் சொல்வார்கள். என் கணிப்பில் நம் வீடுகளில் லேக்குக்கு வைஃபைக்கு அடுத்த பெரிய காரணம் இதுதான். பிளானை உயர்த்திக் காசைக் கொட்டுவதும் பெரும்பாலும் இதற்குத்தான்.

சோதிப்பது சுலபம். 8.8.8.8க்குப் பிங் ஓடும்போதே ஒரு பெரிய வீடியோவை டிரைவில் ஏற்றுங்கள். பிங் 20, 30 கூடினால் பரவாயில்லை. 100க்கு மேல் கூடினால் இதுதான் நோய்.

மருந்து எஸ்கியூஎம், அதாவது இந்த வரிசையை ரௌட்டரே ஒழுங்குபடுத்தும் வசதி. ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்றக்கூடிய ரௌட்டர் ஒன்று வேண்டும். வாங்கும் முன் அந்த மாடலும் அதன் வெர்ஷன் எண்ணும் ஓப்பன்டபிள்யூஆர்டியின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மாடலில் ஒரு வெர்ஷன் ஏற்கும், அடுத்தது ஏற்காது. அதில் எஸ்கியூஎம்மை நிறுவி, வகையாகக் கேக் என்பதைத் தேர்ந்து, டவுன்லோடு அப்லோடு இரண்டிலும் நிஜமாகக் கிடைக்கும் வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை எழுதுங்கள். 100க்கு 95 வருகிற லைனில் 83 போடலாம். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுப்பதால் வரிசை ஆபரேட்டர் பக்கம் சேராமல் உங்கள் ரௌட்டரிலேயே நிற்கும். அங்கே கேக் சின்னப் பாக்கெட்டுகளை முன்னால் விட்டுவிடும். புது ரௌட்டர் வேண்டாம் என்றால் இருக்கிற ரௌட்டரில் பேண்ட்வித் கன்ட்ரோல் பகுதியில் டிவிக்கும் மற்ற போன்களுக்கும் அப்லோடு வரம்பு வையுங்கள். போன்களில் பேக்கப்பைச் சார்ஜ் போடும்போது மட்டும் என்று மாற்றுங்கள். விண்டோஸில் டெலிவரி ஆப்டிமைசேஷனை அணையுங்கள். அது நீங்கள் இறக்கிய அப்டேட்டை ஊருக்கு அப்லோடு செய்யக்கூடும்.

கம்பத்திலிருந்து வாசல் வரை

முதல் ஜன்னல் சுத்தம், வீட்டில் யாரும் எதுவும் ஏற்றவில்லை, இரண்டாவதில் ரிக்வஸ்ட் டைம்டு அவுட் (பதில் வரவில்லை) என்று விட்டுவிட்டு வருகிறது. இப்போது ஃபைபர். நம் இரண்டு மாவட்டங்களில் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஃபைபர் பெரும்பாலும் கம்பத்துக்குக் கம்பம் தொங்கித்தான் வருகிறது. மரக்கிளை வெட்டும்போது அடிபடும், அணில் கடிக்கும், ரோடு அகலப்படுத்தும்போது கம்பம் நகரும், மழையில் ஜாயின்ட் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும்.

இதற்கு ஒரு எண் இருக்கிறது, அதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஃபைபர் வந்து சேரும் பெட்டியின் பக்கத்தை பிரவுசரில் திறந்து, ஸ்டேட்டஸ் பகுதியில் ஆப்டிகல் அல்லது பான் (PON) என்று இருப்பதற்குள் போனால், வந்து சேரும் வெளிச்சத்தின் அளவை ஆர்எக்ஸ் பவர் என்று டிபிஎம்மில் காட்டும். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை நிம்மதி. மைனஸ் 27க்குக் கீழே போனால் பாக்கெட் தவறும், சிக்னல் இல்லை என்று காட்டும் லாஸ் (LOS) என்ற சிவப்பு லைட் எரிய ஆரம்பிக்கும். மைனஸ் 8ஐவிட அதிகமாக வந்தாலும் தப்பு, பெட்டியின் கண் கூசும். ஒவ்வொரு 3 டிபி குறைவதும் வெளிச்சம் பாதியாவது. நெட் நன்றாக இருக்கும் ஒரு நாளில் இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். ஒப்பிட வேறு வழியில்லை. மைனஸ் 19 இருந்த வீட்டில் மைனஸ் 24 வந்தால் இன்னும் நெட் ஓடும், ஆனால் எங்கோ ஏதோ நடந்திருக்கிறது.

முதலில் உங்கள் கையில் இருப்பதைப் பாருங்கள். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃபைபர் ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் அவிழ்த்து, குறைந்தது உள்ளங்கை அகல வட்டமாக விடுங்கள். பச்சை கனெக்டர் பச்சையோடும் நீலம் நீலத்தோடும்தான் சேர வேண்டும். பச்சையின் முனை சாய்வாகத் தேய்த்தது, நீலத்தோடு சேர்த்தால் நடுவில் இடைவெளி விழுந்து வெளிச்சம் வீணாகும். கனெக்டர் முனையை வாயால் ஊதவோ சட்டையில் துடைக்கவோ கூடாது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் போதும். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

அதற்கு மேல் ஆபரேட்டர் வேலை. "நெட் ஸ்லோவா இருக்குண்ணா" என்று போன் செய்தால் "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, ஆர்எக்ஸ் பவர் போன வாரம் மைனஸ் 20 இருந்துச்சு, மழைக்கப்புறம் மைனஸ் 27.5 காட்டுது. வீட்டுக்குள்ள வளைவெல்லாம் பாத்துட்டேன். கம்பத்துப் பெட்டியில ஜாயின்ட்டை ஒருதடவை பவர் மீட்டர் வெச்சுப் பாருங்கண்ணா." எண்ணோடு சொன்னால் வருகிறவர் பவர் மீட்டரும், இழையை ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷினும் எடுத்துக்கொண்டே வருவார். ஒரே நடையில் முடியும். 3.5 டிபி அளவில் திடீரென்று குறைந்திருந்தால், உங்கள் இழையில் புதிதாக, வெளிச்சத்தை இரண்டாகப் பிரிக்கும் ஒரு 1:2 ஸ்பிளிட்டர் போட்டுப் பக்கத்து வீட்டுக்கு இணைப்புக் கொடுத்திருக்கவும் வாய்ப்புண்டு. அதையும் கேட்கலாம்.

இடி விழும் ஊருக்கு இன்னொன்று. தொங்கும் ஃபைபரோடு சேர்ந்து வரும் இரும்புக் கம்பியை வெளிச் சுவரிலேயே கொக்கியில் கட்டி அங்கேயே வெட்டிவிடச் சொல்லுங்கள். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது, அந்தக் கம்பியில் ஓடும்.

ஆர்எக்ஸ் பவர் நன்றாக இருந்தும் மாலை எட்டு முதல் பதினொன்று வரை மட்டும் இரண்டாவது, மூன்றாவது ஜன்னல்கள் ஏறுகின்றன என்றால் நெரிசல். ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் முறையில் ஒரு போர்ட்டின் 2.5 ஜிபிபிஎஸ் டவுன்லோடும் 1.25 ஜிபிபிஎஸ் அப்லோடும் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கு. அதைவிட ஆபரேட்டர் மேலே வாங்கி வைத்திருக்கும் லைன் நிரம்புவதுதான் அதிகம். காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் எடுத்த பிங் படங்களை அனுப்பிக் கேளுங்கள். சரி செய்யாவிட்டால் ஆபரேட்டரை மாற்றுவது தவிர வழியில்லை. சில சமயம் மும்பைக்குப் போக வேண்டிய பாக்கெட் ஊர் சுற்றிப் போகும். அப்போது மட்டும், பாக்கெட்டை வேறு வழியில் திருப்பிவிடும் ஒரு விபிஎன் பிங்கைக் குறைக்கக்கூடும். மற்றபடி விபிஎன் தாமதத்தைக் கூட்டும். தளத்தின் பெயரிலிருந்து எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றுவது பிங்கைத் தொடவே தொடாது. கேம் பூஸ்டர் ஆப்களும் அப்படியே.

நண்பனின் ரூமுக்குள் போக முடியவில்லை

வேலரன்ட் நன்றாக ஓடுகிறது, ஆனால் ஜிடிஏ ஆன்லைனில் சேர முடியவில்லை, மைன்கிராஃப்ட் உலகத்தைத் திறந்து வைத்தால் நண்பர்கள் வர முடியவில்லை, பார்ட்டியில் ஒருவர் குரல் மட்டும் கேட்கவில்லை. இது லேக் வகையே இல்லை. ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாக இணையும்போது வெளியிலிருந்து வருகிறவரை உள்ளே விட உங்கள் பக்கம் வழி இல்லை.

ரௌட்டர் பக்கத்தில் வான் ஐபி, அதாவது ரௌட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்திருக்கும் எண் என்ன என்று பாருங்கள். பிறகு என் ஐபி என்ன என்று கூகுளில் தேடினால் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்று என்றால் பிரச்சினை சிறியது. கேமுக்கு வேண்டிய போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) தானாகத் திறக்கும் யூபிஎன்பியை ரௌட்டரில் ஆன் செய்யுங்கள், அல்லது மைன்கிராஃப்ட் ஜாவாவுக்கு டிசிபி 25565, பெட்ராக்குக்கு யூடிபி 19132, எக்ஸ்பாக்ஸுக்கு யூடிபி 3074 என்று போர்ட்டைத் திறந்துவிடுங்கள். வான் ஐபி 192.168 என்று தொடங்கினால் ஃபைபர் பெட்டியும் உங்கள் ரௌட்டரும் இரண்டுமே வாசற்கதவு பூட்டுகின்றன. ஃபைபர் பெட்டியை, லைனை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லி உங்கள் ரௌட்டரில் ஆபரேட்டர் கொடுத்த பிபிபிஓஇ லாகின் யூசர்நேமைப் போடுங்கள், அல்லது உங்கள் ரௌட்டரை வைஃபை மட்டும் கொடுக்கும் அக்சஸ் பாயின்ட் மோடில் வையுங்கள்.

100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் சிஜிநாட். ஐபிவி4 எண்கள் தீர்ந்துபோனதால் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பங்கிட இந்த எண் தொகுதியை 2012இல் ஒதுக்கினார்கள். இங்கே உங்கள் ரௌட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பலிக்காது. மாதம் கொஞ்சம் கூடக் கொடுத்து ஸ்டேட்டிக் ஐபி வாங்கலாம். நண்பர்களோடு மைன்கிராஃப்ட் மட்டும்தான் என்றால் எல்லோரும் டெயில்ஸ்கேல் அல்லது ஜீரோடையர் போட்டு ஒரே லேனில் இருப்பதுபோல் ஆடலாம், செலவில்லை.

போன் டேட்டாவில் ஆடுகிறவர்களுக்கு

அஞ்செட்டி, தளி, பென்னாகரம், சித்தேரி மலைப் பக்கம் ஃபைபர் வராத ஊர்களில் டவர்தான் கதி. சிக்னல் கோடு எத்தனை என்று பார்க்காமல் ஆர்எஸ்ஆர்பி, அதாவது டவர் சிக்னலின் பலத்தைக் காட்டும் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 90ஐவிட மேலே நல்லது, மைனஸ் 110க்குக் கீழே கேம் வேண்டாம். கூடவே எஸ்ஐஎன்ஆர், அதாவது இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே என்ற எண், 10க்கு மேல் இருந்தால் நல்லது, 0க்குக் கீழே என்றால் கோடு நிறைய இருந்தாலும் பாக்கெட் தொலையும். போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவினால் ஒவ்வொரு தாவலிலும் ஒரு நொடி உறையும். அங்கே நெட்வொர்க் மோடை எல்டிஇ (4ஜி) மட்டும் என்று பூட்டுவதே மேல். எல்லையோரத்தில் போன் கர்நாடக டவருக்கும் நம் டவருக்கும் இடையே அலைந்தால், நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து எடுத்து ஒன்றை நீங்களே தேர்ந்து நிறுத்துங்கள். இரண்டு சிம் போனில் மற்ற சிம்முக்கு அழைப்பு வந்தால் டேட்டா நின்றுபோவதுண்டு, ஆடும் நேரம் அதை அணைத்து வைக்கலாம். லேப்டாப்புக்குக் கொடுப்பதானால் ஹாட்ஸ்பாட்டைவிட, கேபிள் வழியாக நெட் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்கில் ஜிட்டர் குறைவு.

கரண்ட் போய் வந்தால்

இன்வர்ட்டர் இருந்தும் அது மாறுகிற கணத்தில் ஃபைபர் பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். திரும்ப ரெஜிஸ்டர் ஆகி நெட் வர இரண்டு மூன்று நிமிடம், அதற்குள் மேட்ச் போய்விடும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போதும். வாங்கும் முன் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா பாருங்கள். பெட்டியும் ரௌட்டரும் சேர்ந்து 10 வாட் இழுத்தால் 30 வாட்-அவர் பேட்டரி மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். உங்கள் பெட்டி எரிந்துகொண்டே லாஸ் (LOS) லைட் சிவப்பானால் பெரும்பாலும் கரண்ட் போனது ஆபரேட்டர் அறையில். அதற்கு வீட்டில் மருந்தில்லை.

கரண்ட் வந்த பிறகு நெட் இருக்கிறது, பிரவுசரில் பல தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகின்றன, கேம் லாகினே ஆகவில்லை என்றால் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் நாணய பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் தேதி பல வருடம் பின்னால் போகும். தேதி தப்பாக இருந்தால் சர்வரின் சான்றிதழை கம்ப்யூட்டர் ஏற்காது. தேதியைச் சரிசெய்து இப்போதைக்கு ஆடலாம், நாளைக்குக் கடையில் சிஆர் 2032 என்று கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள்.